சுசீலாவுக்கு எப்போ கல்யாணம்?

இன்டர்னல் மார்க் வந்துடுச்சா? வரலையேன்னு ரொம்ப சந்தோஷப்படாதீங்க. வந்தே தீரும்!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு எங்க மெஸ் அண்ணன் இன்னமும் என்கிட்ட பேசலை. கரண்டியை மட்டும் தூக்கிக் காட்டுறார். அதனால இந்த வாரம் வம்பே வேண்டாம்னு கொலை, கொள்ளை, ஆள் கடத்தல்னு அமைதியான சப்ஜெக்ட்டுக்கு வந்துட்டேன்!

எங்க ஊர் திருமழபாடி. அரியலூர் மாவட்டத்துல, கொள்ளிடத்தோட வடகரையில இருக்கு. வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா பக்திமான்களுக்குத் தெரியும். 'நந்தி கல்யாணம் நடக்குமே, அந்த ஊர்'னு சொன்னா கல்யாணத்துக்கு வரன் தேடுற அத்தனை பேருக்கும் தெரியும். பங்குனி மாசம் புனர்பூசத்துல நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் இங்கே கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கொள்ளிடம் தாண்டி வருவாங்க. 'நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்'னு பழமொழியே இருக்கு. எங்கெங்கேருந்தோ கல்யாணம் ஆகாத பசங்களையும் பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு வந்து முன்வரிசையில நிறுத்துவாங்க.

எனக்கு வயசு இருபது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். உள்ளூர்க்காரி வேற. என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க!

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்னு அப்பாயி பரண்ல இருந்ததை எல்லாம் இறக்கச் சொன்னாங்க. ஓட்டை அண்டா, கிழிஞ்ச ஜமக்காளம், ஒத்தைக் கால் இல்லாத மணை... அதுக்கெல்லாம் பின்னாடி ஒரு தகரப் பெட்டி. திறந்தா, நாற்பது புத்தகம். எல்லாம் உள்ளங்கை சைஸ். எல்லாத்துக்கும் நியூஸ் பேப்பர்ல அட்டை. மேல அழகான கையெழுத்துல 'தையல் குறிப்புகள் - பாகம் 1', 'தையல் குறிப்புகள் - பாகம் 2'...

நாற்பது பாகம் தையல் குறிப்பா? யூனிவர்சிட்டியில கூட அவ்வளவு சிலபஸ் இருக்காதே! சந்தேகப்பட்டுப் பேப்பரைப் பிரிச்சேன். உள்ளே ஒரு பொண்ணு, கையில துப்பாக்கி, கண்ணுல கோபம். மாத நாவல்!

பெட்டி எங்க அத்தையோடது. அப்பாவோட தங்கச்சி. இப்போ திருமானூர் பக்கம் வாக்கப்பட்டு இருக்காங்க. நாற்பதுல பாதிக்கு மேல ஒரே ஜோடியோட கதைகள். பரத் - சுசீலா.

யாருப்பா இவங்க?

'யாரு, ரீல்ஸ் போடற ஜோடியா?'ன்னு கேட்கிற ஜூனியர்களுக்காக ஒரு நிமிஷ அறிமுகம். பட்டுக்கோட்டை பிரபாகர் எழுதின துப்பறியும் ஜோடி பரத் - சுசீலா. மூன்லைட்னு ஒரு துப்பறியும் நிறுவனம் நடத்துறாங்க. எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் பஸ் ஸ்டாண்டு கடைகள்ல கொடியில துணி காயப் போட்ட மாதிரி மாத நாவல்கள் தொங்குமாம். ஒரு டீ, ரெண்டு வடை சாப்பிடுற காசுக்கு ஒரு முழு நாவல். ஜி.அசோகன் பதிப்பிச்ச வரிசையில ராஜேஷ்குமாருக்கு 'க்ரைம் நாவல்', சுபாவுக்கு 'சூப்பர் நாவல்', பட்டுக்கோட்டை பிரபாகருக்கு 'எ நாவல் டைம்'னு ஆளுக்கு ஒரு கடை. ராஜேஷ்குமாரோட விவேக் - ரூபலா, சுபாவோட நரேந்திரன் - வைஜெயந்தி, இவரோட பரத் - சுசீலான்னு ஜோடி ஜோடியா வந்து துப்பறிஞ்சிருக்காங்க.

இதுல பரத் - சுசீலா ஸ்பெஷல் என்னன்னா, கடி ஜோக். கொலை நடந்த வீட்டுக்குப் போற வழியில கூட ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே போவாங்க. பரத் காதலைச் சொல்லிக்கிட்டே இருப்பான். சுசீலா கொட்டு வெச்சுக்கிட்டே இருப்பா. அப்புறம், சுசீலா போடுற டி-ஷர்ட்! ஒவ்வொரு கதையிலும் அதுல ஒரு புது வாசகம் இருக்கும். அந்த வாசகத்தைப் படிக்கிறதுக்காகவே காத்திருந்த ஒரு தலைமுறை இருந்திருக்கு.

தமிழ்ல சிரிப்பும் துப்பும் சேர்ந்து வர்றது புதுசு இல்லை. 1942-லயே ஆனந்த விகடன்ல தேவன் 'துப்பறியும் சாம்பு'வை எழுத ஆரம்பிச்சுட்டார். பேங்க்ல குமாஸ்தா வேலை பார்க்கிற அசட்டு சாம்பு எதையோ செய்யப் போக, அது எப்படியோ திருடனைப் பிடிச்சுக் குடுத்துடும். ஆனா அங்கே துப்பறியறது ஆம்பளை. பொம்பளை துப்பறிஞ்சு, கூடவே சிரிக்கவும் வெச்சதுன்னா எனக்குத் தெரிஞ்சு சுசீலாதான்.

மூணு நாள்ல பதினோரு நாவல் முடிச்சேன். வெள்ளையடிச்ச வாசனையில தலை வலிச்சப்பவும் விடலை. முடிச்சதும் ஒரு ஆசை. நமக்குப் பிடிச்சது இருக்கட்டும், அந்தக் காலத்துல படிச்சவங்க என்ன நினைச்சாங்க? இப்போ படிச்சா நம்ம பசங்க என்ன சொல்வாங்க? கிளம்பிட்டேன் சர்வேக்கு. சர்வேன்னதும் கால்குலேட்டரைத் தேடாதீங்க. பத்துப் பதினஞ்சு பேரோட வாயைக் கிளறினேன், அவ்வளவுதான்!

டி-ஷர்ட் கட்சியும் டயலாக் கட்சியும்

முதல் ஆள் எங்க சித்தப்பா. சிமென்ட் ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுறார். "பரத் - சுசீலாவா? அடேங்கப்பா! ஒரு கதை கூட ஞாபகம் இல்லை பாப்பா. டி-ஷர்ட் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சார். சமையலறையிலேர்ந்து சித்தி எட்டிப் பார்த்தாங்க. சித்தப்பா லாரிக்கு டீசல் போடணும்னு கிளம்பிட்டார். சர்வேயோட முதல் பதிவு, பாதியில முறிஞ்சது.

ரெண்டாவது, எங்க ஊருக்கு வர்ற பஸ்ஸோட கண்டக்டர் அண்ணன். நைட் ஹால்ட் போட்டா தூக்கம் வர்ற வரைக்கும் மாத நாவல்தானாம். "கொலைகாரன் யாருங்கிறதா முக்கியம்? முப்பதாம் பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க பாரு, அதுக்குத்தான் படிக்கிறது. எங்க வீட்டுல நானும் அவளும் அப்படி ஒரு நாள் பேசியிருந்தா..."ன்னு நிறுத்திட்டு, "டிக்கெட் எடுத்தியா?"ன்னு கேட்டார். எடுத்திருந்தேன்.

மூணாவது, எங்க ஹாஸ்டல் ரூம். நாலு பேர். விளக்கை அணைச்சுட்டு செல்போன் வெளிச்சத்துல நான் சத்தமாப் படிக்க, மத்த மூணு பேரும் கேட்டாங்க. இருபதாம் பக்கம் தாண்டுறதுக்குள்ள ரூம் ரெண்டா உடைஞ்சுடுச்சு.

"என்னடி இது... அவ எந்த சீன்ல வந்தாலும் முதல்ல டிரெஸ், அப்புறம் உடம்பு, அதுக்கப்புறம்தான் டயலாக். பரத்துக்கு டிரெஸ் உண்டான்னே தெரியலை. இதை இப்போ ஒருத்தர் எழுதினா கிழிச்சுத் தொங்க விட்டுட மாட்டோம்?" - இது இ.சி.இ. படிக்கிற தோழி.

"அது சரிதான். ஆனா அவன் ஒண்ணு சொன்னா இவ ரெண்டா திருப்பிக் குடுக்கிறாளே! நம்ம கிளாஸ்ல பசங்க ஏதாவது கமென்ட் அடிச்சா நீ என்ன பண்ணுவே? ரூமுக்கு வந்து அழுவே. ராத்திரி ரெண்டு மணிக்கு 'அடடா, இப்படிச் சொல்லியிருக்கலாமே'ன்னு யோசிப்பே. சுசீலா ஸ்பாட்லயே சொல்லிடுறா" - இது சிவில் தோழி.

மூணாவது தோழி கடைசி வரைக்கும் வாயே திறக்கலை. விளக்கைப் போட்டதும் கேட்டா பாருங்க ஒரு கேள்வி... "ஏன்டி, ஆபீஸ் போர்டுல ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல? அப்புறம் ஏன் கேஸ் கொண்டு வர்றவங்க எல்லாம் பரத்தைப் பார்த்தே பேசுறாங்க?"

பதில் சொல்லத் தெரியலை. மறுநாள் எங்க லேப்ல லேத் பக்கத்துல நான் நிக்கிறேன், சார் எனக்குப் பின்னாடி நிக்கிற பையனைப் பார்த்து பாடம் நடத்துறார். அப்போதான் கேள்வி முழுசாப் புரிஞ்சது.

தலைக்கு விலை வெச்சா பிடிப்பீங்களா?

இந்த நேரத்துல சீனியர் அக்கா ஒருத்தங்க, "உன் சுசீலாவுக்கு அமெரிக்காவுல ஒரு ஒண்ணுவிட்ட தங்கச்சி இருக்கா, படி"ன்னு சொன்னாங்க. அவ பேர் ஸ்டெஃபனி ப்ளம். ஜேனட் எவனோவிச் எழுதுற தொடர். முதல் புத்தகம் 1994-ல வந்தது. 31-வது புத்தகம் 2024-ல வந்தது. தலைப்புல நம்பர் வெச்சே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாப் போகுது. நம்ம அரியர் பேப்பர் மாதிரி எண்ணிக்கிட்டே படிக்கலாம்!

கதை என்னன்னா, ஸ்டெஃபனிக்கு ஒரு கம்பெனியில உள்ளாடை கொள்முதல் பண்ற வேலை. அந்த வேலை போயிடுது. கையில காசில்லை. மாமா பையனோ அத்தை பையனோ, ஏதோ ஒரு முறைக்காரன் வின்னின்னு ஒருத்தன் ஜாமீன் பணம் கட்டுற கடை வெச்சிருக்கான். அங்கே போய், ஓடிப் போன ஆட்களைப் பிடிச்சுக் கொண்டு வர்ற வேலையில சேர்ந்துடுறா. துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. வண்டி வாங்கினா வெடிச்சுடும். சாவு வீட்டுக்குப் போய் வேடிக்கை பார்க்கிறதையே பொழுதுபோக்கா வெச்சிருக்கிற பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. சத்தியமாச் சொல்றேன், அந்தப் பாட்டி எங்க அப்பாயிதான்! 2012-ல முதல் புத்தகத்தைப் படமாவும் எடுத்தாங்க.

ஆளைப் பிடிச்சுக் குடுத்தா பணமா, இது என்ன வேலைன்னு எனக்கு ஒரே குழப்பம். அரியலூர் கோர்ட்ல பிராக்டிஸ் பண்ற வக்கீல் அக்கா ஒருத்தங்ககிட்ட கேட்டேன். பொறுமையா விளக்கினாங்க.

அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல ஜாமீன்கிறது ஒரு வியாபாரம். கோர்ட் லட்சம் டாலர் கட்டச் சொன்னா, வழக்கமா பத்து சதவீதத்தைக் கட்டணமா வாங்கிக்கிட்டு மொத்தத் தொகைக்கும் ஒரு கடைக்காரர் பொறுப்பு ஏத்துக்குவார். குற்றம் சாட்டப்பட்டவர் தேதிக்கு வராம ஓடிட்டா, கடைக்காரர் முழுத் தொகையும் அழணும். அதனால ஓடினவரைத் தேடிப் பிடிக்க ஒரு ஆளை அனுப்புவார். பிடிச்சுக் குடுத்தா அந்த ஆளுக்கு ஒரு பங்கு. முதல் கதையில ஸ்டெஃபனி பிடிக்க வேண்டிய ஆளுக்கு ஜாமீன் லட்சம் டாலர். பிடிச்சா இவளுக்குப் பத்தாயிரம். 1872-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் குடுத்த ஒரு தீர்ப்புலேர்ந்தே இந்த வேலைக்கு ஒரு சட்டப் பலம் இருக்காம்.

நம்ம ஊர்ல? ஜாமீனைக் கடை போட்டு விக்க முடியாது. சொந்தக்காரரோ தெரிஞ்சவரோ வந்து, 'இவர் கோர்ட்டுக்கு வருவார், வரலைன்னா இவ்வளவு ரூபாய்க்கு நான் பொறுப்பு'ன்னு பத்திரம் எழுதிக் குடுக்கணும். ஆள் வரலைன்னா கோர்ட் ஜாமீன்தாரரைத்தான் கேட்கும். "அதனால இங்கே ஓடிப் போனவனைத் தேடுறது ஹீரோயின் இல்லை பாப்பா. கையெழுத்துப் போட்ட மாமனாரோ மச்சானோ ராத்திரி பகலா பஸ் ஏறித் தேடுவாங்க"ன்னு சிரிச்சாங்க அக்கா.

அப்போ பரத் - சுசீலா மாதிரி பிரைவேட் டிடெக்டிவ் ஒருத்தரைப் பிடிச்சு விலங்கு மாட்டலாமா? மாட்ட முடியாதாம். அவங்களுக்குன்னு தனி அதிகாரம் எதுவும் கிடையாது. கண் முன்னாடி பெரிய குற்றம் நடந்தா, பொதுஜனம் யார் வேணும்னாலும் அந்த ஆளைப் பிடிக்கலாம். ஆனா உடனே போலீஸ்ல ஒப்படைக்கணும். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதுச் சட்டம் அதுக்கு ஆறு மணி நேரம்னு கெடு வெச்சிருக்கு. துப்பறியும் நிறுவனங்களுக்கு லைசென்ஸ் முறை கொண்டு வர 2007-ல மாநிலங்களவையில ஒரு மசோதா வந்தது. ஆனா அது சட்டமாகலை.

நிஜத்துல பெண் துப்பறிவாளர்கள் உண்டா? உண்டு. மும்பையில ரஜனி பண்டிட் 1991-ல சொந்தமா ஏஜென்சி ஆரம்பிச்சார். வேலைக்காரியா வேஷம் போட்டு ஒரு வீட்டுக்குள்ள தங்கித் துப்பறிஞ்சதைப் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். யாரும் கவனிக்காத ஆளா இருக்கிறதுதான் அந்த வேலைக்கு முதல் தகுதியாம். பொண்ணுங்களுக்கு அந்தத் தகுதி ஏற்கெனவே இருக்கே, லேப்ல நான் தினமும் பார்க்கிறேனே!

எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி

இப்போ சர்வேயோட ரிசல்ட்டுக்கு வர்றேன். சித்தப்பா, கண்டக்டர் அண்ணன், ஹாஸ்டல், வக்கீல் அக்கா, நூலகத்துல பேப்பர் படிக்க வர்ற ரிட்டயர்டு வாத்தியார்னு யார்கிட்ட பேசினாலும் கடைசியில ஒரே கேள்வியில வந்து முடிஞ்சது. "அது சரி, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?"

அத்தையோட நாவல்கள்ல இருந்த வாசகர் கடிதங்களைப் பார்த்தா, அங்கேயும் அதே பஞ்சாயத்துதான். சுசீலாவுக்கு எப்போ கல்யாணம்? பரத்தை ஏன் காக்க வைக்கிறீங்க? எப்போ மேளம் கொட்டப் போறீங்க? நான் படிச்ச வரைக்கும் எந்தக் கதையிலயும் கல்யாணம் நடக்கலை.

அமெரிக்காவுலயும் கதை அதேதான். ஸ்டெஃபனிக்கு மொரெல்லின்னு ஒரு போலீஸ்காரன், ரேஞ்சர்னு ஒரு முரட்டு ஆள். யாரைக் கட்டிக்கப் போறான்னு முப்பது வருஷமா வாசகர்கள் ரெண்டு கட்சியா நின்னு சண்டை போடுறாங்க. 31-வது புத்தகத்துல அவ ரெண்டு பேருக்குமே சரின்னு சொல்லி வெச்சிருக்கா! இத்தனைக்கும் அவளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் ஆகி, விவாகரத்தும் ஆனவ.

இப்போ நான் ஒண்ணு கேட்கிறேன். சாம்புவுக்கு வேம்புவோட கல்யாணம் ஆச்சு. துப்பறியறது நின்னுச்சா? இல்லை. விவேக்குக்கு ரூபலாவோட கல்யாணம் ஆச்சு. கேஸ் நின்னுச்சா? அதுவும் இல்லை. சுஜாதாவோட கணேஷுக்கும் வசந்துக்கும் எப்போ கல்யாணம்னு கேட்டுக் கவலையில உருகினவங்க எத்தனை பேர்? ஆம்பளை துப்பறிஞ்சா அது வேலை. பொம்பளை துப்பறிஞ்சா, அது கல்யாணம் ஆகிற வரைக்கும் ஒரு டைம்பாஸ். அப்படித்தானே நினைக்கிறோம்? நம்ம சுசீலாவுக்கு நம்ம வீட்டுப் பொண்ணுக்குக் குடுக்கிற அதே கெடுவைத்தான் குடுத்திருக்கோம்.

இப்படி ஆவேசமா எழுதி முடிச்சு, கட்டுரை ரெடின்னு நிமிர்ந்தப்போதான் 'தையல் குறிப்புகள் - பாகம் 27' என் மூக்கை உடைச்சது.

பாகம் 27

அந்தப் புத்தகத்துக்குள்ள ஒரு நீலக் கலர் இன்லேண்டு லெட்டர் இருந்தது. ஒட்டலை, அனுப்பலை. 1995-னு தேதி. அதே அழகான கையெழுத்து.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பரத் சுசீலா கதைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். சுசீலாவுக்கு எப்போது திருமணம் என்று வாசகர்கள் பலரும் கேட்கிறார்கள். தயவுசெய்து செய்து வைத்து விடாதீர்கள். செய்து வைத்தால் பரத் வேலைக்குப் போவார், சுசீலா வீட்டில் இருப்பார். பிறகு எங்களுக்காக யார் வெளியே போவது? இப்படிக்கு, தங்கள் வாசகி.'

பேர் எழுதுற இடம் காலியா இருந்தது.

எங்க அத்தை பிளஸ் டூ முடிச்சுட்டு டைப்ரைட்டிங்ல லோயர், ஹயர் ரெண்டும் பாஸ் பண்ணினவங்க. அரியலூர்ல ஒரு ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னும், தாத்தா அனுப்பலைன்னும் அரைகுறையா கேள்விப்பட்டிருக்கேன். 1996-ல, இருபது வயசுல கல்யாணம். என் வயசு!

போன் பண்ணினேன். "அத்தை, உன் லெட்டர் ஒண்ணு கிடைச்சுது..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுல என் பேர் இருக்கா?"

"இல்லை."

"அப்போ யாரோடதோ. கிழிச்சுப் போட்டுட்டுப் பெட்டியை ஒழுங்கா மூடு"ன்னு வெச்சுட்டாங்க.

முந்தின்னா எவ்வளவு முந்தி?

நந்தி கல்யாணத்தன்னிக்கு அத்தை வந்திருந்தாங்க. கூட்டம்னா கூட்டம். ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்குல, மாப்பிள்ளை நந்தி குதிரை வாகனத்துல, அதிர்வேட்டு, மேளம்... அப்பாயி என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே முன்வரிசைக்குப் போயிட்டிருந்தாங்க. நானும் அத்தையும் பின்னாடியே நசுங்கிக்கிட்டுப் போனோம்.

அந்தச் சத்தத்துல யாருக்கும் கேட்காதுன்னு நினைச்சாங்களோ என்னவோ, அத்தையே ஆரம்பிச்சாங்க.

"போஸ்ட் ஆபீஸ்ல எல்லாரும் தெரிஞ்சவங்க. போட்டா சாயங்காலமே தாத்தாவுக்குத் தெரிஞ்சுடும். அதான் போடலை."

"உனக்கு அந்த டி-ஷர்ட் ஜோக்கெல்லாம் கோபம் வரலையா அத்தை?"

"எனக்கும் பிடிக்காது. அந்தப் பக்கம் வந்தா வேகமாத் தள்ளிடுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல அவ தன்னால வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புவா பாரு, அந்தப் பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படிப்பேன். ராத்திரி பத்து மணிக்கு மெட்ராஸ் எப்படி இருக்கும்னு எனக்கு அவதான் சொன்னா."

"இப்போ சுசீலாவுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கலாமா?"

அத்தை யோசிச்சாங்க. "பண்ணி வெக்கட்டும். ஆனா மறுநாள் காலையில ஆபீஸை அவதான் திறக்கணும்."

சர்வேயில எனக்குக் கிடைச்சதுலயே நல்ல பதில் இதுதான் மக்களே. கல்யாணத்து மேல பழியைப் போட்டு நான் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருந்தேன். அத்தை ஒரே வரியில வேற இடத்துல கை வெச்சுட்டாங்க. தமிழ்ல துப்பறியும் கதையும் எழுதின வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு அஞ்சு வயசு தாண்டினதுமே கல்யாணம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் எழுதப் படிக்கவே ஒழுங்காக் கத்துக்கிட்டு, 1925-லேர்ந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதினாங்க. அஞ்சு வயசுக் கல்யாணம் நல்லதுன்னு நான் சொல்ல வரலை, அடிக்க வராதீங்க! தாலிக்கு அப்புறம் சாவி யார் கையில இருக்குங்கிறதுதான் விஷயம்னு சொல்றேன்.

என் சாவிக் கதையையும் சொல்லிடுறேன். மே மாசம் கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரியில ஒரு மாசம் டிரெயினிங். உருக்கி ஊத்துற இரும்பைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம். எங்க கிளாஸ்ல நாலு பேருக்குத்தான் கிடைச்சிருக்கு, பொண்ணுங்கள்ல நான் ஒருத்திதான். அப்பா கையெழுத்துப் போடணும். 'ஒரு மாசம் வெளியூர்ல தனியா'ங்கிற இடத்துல அப்பாவோட பேனா நின்னுடுச்சு. அந்த ஃபாரம் மூணு வாரமா டி.வி.க்கு மேல கிடக்கு.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அத்தை திடீர்னு அப்பாயிகிட்ட, "முதல்ல அவ கோயம்புத்தூர் போயிட்டு வரட்டும்மா. அப்புறம் ஜாதகத்தைக் கையில எடு"ன்னாங்க. தட்டுல கை போட்டிருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். எங்க வீட்டுல அத்தை இந்த மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பாயி ரசத்தை ஊத்திக்கிட்டே, "நான் வேண்டாம்னா சொன்னேன்? நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்னுதான் சொன்னேன். முந்தின்னா எவ்வளவு முந்தின்னு எவன் சொன்னான்?"ன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. ஆனா ரசம் ரெண்டாவது தடவை வாங்கினார். எங்க அப்பா அப்படி வாங்கினா யோசிக்கிறார்னு அர்த்தம்.

இதை எழுதுற வரைக்கும் ஃபாரம் டி.வி.க்கு மேலதான் இருக்கு. நேத்து துடைக்கப் போனப்போ பார்த்தேன், பக்கத்துல ஒரு பேனா புதுசா வந்திருக்கு!

அத்தை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியிலேர்ந்து பத்துப் புத்தகம் எடுத்துக்கிட்டாங்க. பேப்பர் அட்டையை மட்டும் ஒண்ணொண்ணாப் பிரிச்சு எறிஞ்சுட்டாங்க. பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து, துப்பாக்கி பிடிச்ச பொண்ணு வெளியே தெரியுற மாதிரி வெச்சுப் படிச்சுக்கிட்டே போனாங்க. கண்டக்டர் அண்ணன் பார்த்துட்டு, "இது நான் படிக்கலையே!"ன்னாராம். முடிச்சுட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

சரி மக்களே, இப்போ உங்க டர்ன். உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உங்க அம்மாவோ அத்தையோ சித்தியோ உங்க வயசுல எதை ஒளிச்சு வெச்சுப் படிச்சாங்கன்னு கேளுங்க. எந்தப் பக்கத்தை வேகமாத் தள்ளினாங்க, எந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சாங்கன்னும் கேளுங்க. கேட்டதை ஒரு பக்கத்துக்கு மிகாம எழுதி அனுப்புங்க. பேர் போட வேண்டாம்னா போடாதீங்க. ஆனா, தயவுசெஞ்சு தபால்ல சேர்த்துடுங்க!

அடுத்த வாரம் பார்ப்போம். மெஸ் அண்ணன் அதுக்குள்ள பேசிட்டா, சாம்பார் ரெண்டாம் பாகம். இப்போதைக்கு ஜூட்!